கற்கருவி கிடைத்த இடங்களையும் தாவர வளத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாமா?

இளவேனில்:

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறேன், வழிகாட்டியிடம் போய் நிற்பதற்கு முன்னால் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

யோசனை இதுதான். பழைய கற்காலக் கருவிகள் கிடைத்த இடங்களின் பட்டியல் ஒரு பக்கம், எந்தப் பகுதியில் எத்தனை வகைத் தாவரங்கள் வளர்கின்றன என்ற உலக வரைபடம் இன்னொரு பக்கம். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, தாவர வகைகள் அதிகமுள்ள பகுதியில் கருவி வகைகளும் அதிகமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கிழங்கும் கொட்டையும் பழமும் நூறு விதமாக இருக்கிற இடத்தில் தோண்ட, உடைக்க, சீவ, நசுக்க என்று கருவியும் பலவிதமாக வந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் கிழக்காசியாவில் மூங்கில் நிறைய இருந்ததால்தான் அங்கே ஆட்கள் கைக்கோடரி (இருபுறமும் செதுக்கிக் கூராக்கிய, கையில் பிடிக்கும் கல்) செய்ய மெனக்கெடவில்லை என்றும் படித்திருக்கிறேன், அது என் ஊகத்துக்கு நேர் எதிராகப் போகிறது. எது சரி? புள்ளியியல் எனக்கு ஓரளவு வரும். தொல்லியல்தான் புதிது.

கூழாங்கல்:

இந்தக் கணக்கைப் போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், போட்டால் விடை என்ன வரும் என்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தாவர வளம் குறைந்த இடத்தில்தான் கற்கருவிகள் அதிகம் என்று வரும். அதற்குக் காரணம் ஆதி மனிதன் அல்ல, நாம்தான். மண் அரித்துப்போய் பழைய அடுக்குகள் வெளியே தெரிகிற வறண்ட நிலத்தில்தான் தேடுவது எளிது. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் எரிமலைச் சாம்பல் அடுக்கடுக்காகக் கிடப்பதால் காலத்தைக் கணிக்கவும் முடிகிறது. அடர்ந்த மழைக்காட்டுக்குள் போய் யார் அகழாய்வு செய்தார்கள்? போனாலும் தரையெல்லாம் சருகும் வேரும், மண் அமிலத்தன்மை கொண்டது, எலும்பு கரைந்துவிடும். ஆக உங்கள் வரைபடம் காட்டப்போவது அகழாய்வாளர்கள் நடமாடிய இடங்களைத்தான்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரிது. இன்றைக்கு இருக்கிற தாவர வரைபடத்தைப் பத்து லட்சம் ஆண்டு பழைய கருவி மேல் வைக்கவே முடியாது. இஸ்ரேலில் ஹூலா பள்ளத்தாக்கில் கெஷெர் பெனோத் யாக்கோவ் என்று ஓர் இடம் இருக்கிறது, சுமார் 7,80,000 ஆண்டுகள் பழையது. ஏரிக்கரைச் சேற்றில் காற்றுப் படாமல் புதைந்து கிடந்ததால் விதைகளும் கொட்டைகளும் மரத்துண்டுகளும் அப்படியே தப்பித்திருக்கின்றன. உண்ணத்தக்க தாவரங்கள் மட்டும் 55 வகை என்று 2016இல் எழுதினார்கள். அந்தப் பட்டியலில் மக்கானாவும், அதாவது குளத்தில் வளரும் ஒரு அல்லி வகையின் விதையும், இருக்கிறது! இன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கில் மக்கானா கிடையாது, இந்தியாவுக்கும் சீனாவுக்கும்தான் வர வேண்டும். அதை எப்படிக் குளத்திலிருந்து எடுத்து, காயவைத்து, வறுத்து, உடைத்துச் சாப்பிட்டிருப்பார்கள் என்று புரிந்துகொள்ள பீகாரில் மக்கானா எடுப்பவர்களின் வேலையைப் பார்த்து ஒப்பிட்டிருக்கிறார்கள், 2014இல் வந்த அந்தக் கட்டுரையில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் கூட்டாசிரியர்கள். தமிழ்நாட்டின் பழைய கற்கால இடமான அத்திரம்பாக்கத்தை அகழ்ந்த அதே இருவர்தான்.

ஒரே ஒரு செடி இப்படி இடம் மாறியிருக்கிறது. இதில் பனியுகங்கள் எத்தனை முறை வந்து போயின, கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் இறங்கி ஏறியது எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வடக்குவாசல்:

மூங்கில் கதைக்கு நான் வருகிறேன், அது எனக்குப் பிடித்த சண்டை.

தொல்லியலாளர் ஹாலம் மோவியஸ் 1948இல் உலக வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேற்கே ஆப்பிரிக்கா, ஐரோப்பா, இந்தியா எல்லாம் கைக்கோடரிப் பக்கம், கிழக்கே சீனாவும் தென்கிழக்காசியாவும் வெறும் வெட்டுக்கல் பக்கம். இதைச் சாக்காக வைத்துக் கிழக்கே இருந்தவர்கள் பின்தங்கியவர்கள் என்று கொஞ்ச காலம் பேசிக்கொண்டிருந்தார்கள். 1980களின் கடைசியில் ஜெஃப்ரி போப் வேறு மாதிரி யோசித்தார். அங்கே மூங்கில் இருக்கிறதே, கத்தி ஈட்டி எல்லாவற்றையும் அதிலேயே செய்துகொண்டிருப்பார்கள், கல்லில் அழகு பார்க்க என்ன அவசியம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூங்கில் மக்கிவிடும், எனவே ஆதாரம் கிடைக்கவில்லை என்பதே ஆதாரம் மாதிரி ஆகிவிட்டது. இப்படி ஒரு கருதுகோளை யாரால் தோற்கடிக்க முடியும்?

அப்புறம் சிலர் செய்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினார்கள். 2012இல் வந்த ஒரு சோதனையில் சாதாரணக் கல் செதில்களை (பெரிய கல்லிலிருந்து தட்டி எடுத்த கூரான துண்டுகளை) வைத்தே மூங்கிலை வெட்டிக் கத்தி செய்ய முடிந்தது. அந்தக் கத்தி இறைச்சியை நன்றாக வெட்டியது, தோலை வெட்டவில்லை. அதாவது மூங்கில் இருந்தால் கல்லே வேண்டாம் என்பது செல்லாது. போதாக்குறைக்கு தென்சீனத்தில் போசே படுகையில் சுமார் 8 லட்சம் ஆண்டு பழைய கைக்கோடரிகளே கிடைத்துவிட்டன, 2000இல் வெளியானது. மோவியஸ் கோடு அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது.

ஆனால் போப் சொன்னதை முழுசாகத் தூக்கிப் போடவும் முடியவில்லை, அதுதான் வேடிக்கை. 2025இல் சீனாவின் யுன்னான் பகுதியில் கான்டாங்சிங் என்ற ஏரிக்கரை இடத்திலிருந்து 35 மரக் கருவிகள் வந்தன, வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. பெரும்பாலும் தோண்டுகோல்கள், வேரை அறுக்கக் கொக்கி மாதிரி சில. கூடவே கிடைத்த கற்கருவிகள் சின்னச்சின்னவை, பார்க்க ஒன்றுமில்லை, நல்ல கல்லும் பக்கத்தில் இல்லை. கல்லை மட்டும் பார்த்திருந்தால் “எளிய தொழில்நுட்பம்” என்று முத்திரை குத்திப் பெட்டியை மூடியிருப்போம். ஆனால் பாருங்கள், அந்தத் தோண்டுகோல்கள் பெரும்பாலும் பைன் மரம், மூங்கில் இல்லை.

இளவேனில்:

நன்றி, ரொம்பப் பயனுள்ளதாக இருக்கிறது, கொஞ்சம் வயிற்றைக் கலக்கவும் செய்கிறது. சரி, இன்றைய வரைபடம் வேண்டாம். பழைய மகரந்தத் தரவு இருக்கிறதே, ஏரி அடிமண்ணிலிருந்து எடுப்பது, அதை வைத்து அந்தக் காலத்துத் தாவர வகைகளை எண்ணிக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

பெருவழி:

இவ்வளவு சுற்றி வளைப்பது எதற்கு என்று புரியவில்லை. கற்கருவி என்றாலே விலங்கை அறுக்கத்தானே. மாமிசம் சாப்பிட்டதால்தான் மூளை வளர்ந்தது என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. தாவரத்துக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்?

நுண்ணோக்கி:

பெருவழி, எலும்பில் வெட்டுத்தழும்பு விழும், கிழங்கில் விழுந்தாலும் கிழங்கு மிஞ்சாது. மாமிசக் கதை பெரிதாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். லாரன்ஸ் கீலியும் நிக்கலஸ் டோத்தும் 1981இல் கென்யாவின் கூபி ஃபோராவில் கிடைத்த சுமார் 15 லட்சம் ஆண்டு பழைய செதில்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டதில் ஒன்பதில்தான் தேய்மானம் படிக்கும் அளவுக்கு இருந்தது. அந்த ஒன்பதில் நான்கு இறைச்சி, மூன்று மரம், இரண்டு புல் அல்லது நாணல் மாதிரி மென்மையான தண்டு. சரிபாதிக்கு மேல் தாவர வேலை. அதே கென்யாவில் தெற்கு கன்ஜேரா என்ற 20 லட்சம் ஆண்டு பழைய இடத்துக் கருவிகளிலும் விலங்கு அறுத்த தேய்மானத்தோடு கிழங்கு சீவிய தேய்மானமும் மரம் செதுக்கிய தேய்மானமும் இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள் இளவேனில். கிழங்கு சீவிய செதிலும் தோல் அறுத்த செதிலும் வடிவத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். வடிவத்தை வைத்து “இது கிழங்குக் கருவி” என்று யாரும் சொல்ல முடியாது. எனவே கருவி வகைகளின் எண்ணிக்கை என்று நீங்கள் எடுக்கப்போகும் எண், அது எந்த வகைப்பாட்டுப் பட்டியல்படி எண்ணியது என்பதைப் பொறுத்து மாறும், பயன்பாட்டை அது காட்டவே காட்டாது. தாவரத் தகவல் இருப்பது விளிம்பில் ஏறிய பளபளப்பிலும் கீறல்களிலும் கல்லின் பள்ளங்களில் ஒட்டிக்கொண்ட அழுக்கிலும்.

எனக்குப் பிடித்த உதாரணம் பிலிப்பைன்ஸின் பலவான் தீவிலுள்ள தபோன் குகை. 39,000 முதல் 33,000 ஆண்டு பழைய மூன்று கற்கருவிகளில் ஒரு விசேஷமான தேய்மானம் இருந்தது. இன்றைக்கு அந்தத் தீவில் வாழும் பழங்குடியினர் மூங்கிலையும் பனை வகைகளையும் நாராகக் கிழித்துச் சீவி வளையும்படி ஆக்கும் முறையை ஆய்வாளர்கள் பார்த்து, கல்லை வைத்து அதே வேலையைச் செய்து, விளிம்பு எப்படித் தேய்கிறது என்று ஒப்பிட்டார்கள். பொருந்தியது. கயிறும் கூடையும் பின்னியதற்கான ஜாடை இது. கருவியைப் பார்த்தால் சாதாரணச் செதில்தான், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பிரான்ஸில் ஆப்ரி து மாராஸ் என்ற இடத்தில் நியாண்டர்தால் காலத்துச் செதில் ஒன்றின் அடியில் மூன்று புரிக் கயிற்றுத் துணுக்கே ஒட்டிக்கொண்டிருந்தது, ஊசியிலை மரத்தின் உள்பட்டை நாரில் முறுக்கியது. 2020இல் வெளியிட்டார்கள்.

இனி மகரந்தம். அதை எண்ணி “தாவர வகை எண்ணிக்கை” என்று வைத்துக்கொள்வது ஆபத்து. காற்றில் மகரந்தம் பறக்கவிடும் பைன், புல் மாதிரியானவை ஏரியில் குவிந்துவிடும், பூச்சி வந்து எடுத்துப்போகும் செடிகள் கிட்டத்தட்டக் காணாமலே போகும். புற்களின் மகரந்தம் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும், நூறு வகைப் புல் வளர்ந்த சமவெளியும் ஐந்து வகைப் புல் வளர்ந்த சமவெளியும் உங்கள் அட்டவணையில் “புல் குடும்பம்” என்று ஒரே வரியில் உட்கார்ந்திருக்கும். செடிக்குள் இருக்கும் சிலிகாத் துகள், அதுதான் ஃபைட்டோலித், புல்லுக்கும் பனைக்கும் நன்றாகக் கிடைக்கும், பல கிழங்குகளுக்கு அவ்வளவாகக் கிடைக்காது. மாவுத்துகள் கிழங்குக்குச் சரியாக வரும், ஆனால் ஆய்வகத்துக் கையுறைப் பொடியிலும் காற்றிலும்கூட மக்காச்சோள மாவும் கோதுமை மாவும் இருக்கும், அதையே பழைய உணவு என்று எழுதிவிடும் அபாயம் உண்டு. கட்டுரை படிக்கும்போது கலப்படச் சோதனை பற்றி ஒரு பத்தியாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் நான் அடுத்த பக்கம் திருப்புவதில்லை.

பெருவழி:

சரி சரி, ஒத்துக்கொள்ள மனமில்லை என்றாலும் கீலி கட்டுரையைத் தேடிப் படிக்கிறேன். ஒன்பது செதிலை வைத்து இவ்வளவு பேசலாமா என்பதும் ஒரு கேள்விதான்.

நுண்ணோக்கி:

நியாயமான கேள்வி. பேசக்கூடாது. அதனால்தான் கன்ஜேரா மாதிரி வேறு இடங்களையும் சேர்த்துச் சொன்னேன்.

தேன்கூடு:

தாவர வகை அதிகம் என்றால் சாப்பாடு அதிகம் என்று எல்லாரும் எடுத்துக்கொள்வது எனக்கு எப்போதும் இடறும். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 90,000 சதுர கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 9,000 வகைத் தாவரங்கள், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. கேட்டவுடன் சொர்க்கம் மாதிரி இருக்கிறதா? அதில் பெரும்பகுதி விறைப்பான புதர்கள், ஆள் வாயில் வைக்க ஆகாது. ஆனால் அதே மண்ணில் நிலத்துக்கடியில் கிழங்கு வைத்துக்கொள்ளும் செடிகளும் ஏராளம். கர்டிஸ் மரியன் குழுவினர் பினாக்கிள் பாயிண்ட் குகைகளில் தோண்டியவர்கள், கடற்கரைச் சிப்பியும் இந்தக் கிழங்குகளும் சேர்ந்துதான் அங்கே மக்களைத் தாக்குப்பிடிக்க வைத்தன என்பது அவர்கள் வாதம். அந்தக் குகையில் 1,64,000 ஆண்டுக்கு முன்பே சிப்பி சாப்பிட்டிருக்கிறார்கள். ஆக வகை எண்ணிக்கையை விட்டுவிட்டு, தோண்டினால் கையில் எவ்வளவு மாவுச்சத்து வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது என்று கேட்க வேண்டும்.

மறுபக்கம் பார்டர் குகை, அது கேப்பிலிருந்து வெகுதூரம், எசுவாத்தினி எல்லையோரம். அங்கே 1,70,000 ஆண்டு பழைய சாம்பலில் ஹைபாக்ஸிஸ் கிழங்குகள் கருகிக் கிடந்தன. ஒரே இனச் செடி. ஆப்பிரிக்காவில் பரவலாக வளர்வது, மாவுச்சத்து நிறைந்தது. எத்தனை வகை இருக்கிறது என்பதைவிட, நம்பி ஊரூராகப் போகத்தக்க ஒரு கிழங்கு இருப்பதுதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, அதைத் தோண்ட என்ன கருவி? ஒரு குச்சி. இத்தாலியில் போஜெட்டி வெக்கி என்ற இடத்தில் சுமார் 1,70,000 ஆண்டு பழைய தோண்டுகோல்கள் கிடைத்திருக்கின்றன, கெட்டியான பாக்ஸ்வுட் மரம், பட்டையை நெருப்பில் கருக்கிச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அதைச் செய்யக் கல் வேண்டும், ஆனால் எந்தக் கூரான செதிலும் போதும். உங்கள் ஊகம் இங்கேதான் உடைகிறது இளவேனில். தாவர உணவு நூறு விதமானாலும் கற்கருவி நூறு விதமாக வேண்டியதில்லை. வெண்டெல் ஆஸ்வால்ட் 1976இல் வேட்டை-சேகரிப்புச் சமூகங்களின் உணவுக் கருவிகளில் எத்தனை உறுப்புகள் இருக்கின்றன என்று எண்ணினார். தோண்டுகோல் ஒற்றை உறுப்பு. ஆர்க்டிக்கில் சீல் வேட்டைக்கான எறியீட்டியில் உறுப்புகள் அடுக்கிக்கொண்டே போகும். ஓடாத உணவுக்குச் சிக்கலான கருவி தேவையில்லை, ஓடுகிற, தப்பினால் பட்டினி என்கிற உணவுக்குத்தான் தேவை என்று ராபின் டோரன்ஸ் அதைப் பின்னால் வளர்த்தெடுத்தார். தாவரம் செழித்த வெப்பமண்டலத்தில் கருவிகள் எளிமையாக இருப்பதற்கு மூங்கிலைத் தேட வேண்டாம், இதுவே போதும்.

வடக்குவாசல்:

தேன்கூடு, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மழைக்காடு என்றதும் எளிமை என்று முடித்துவிட முடியாது. 1980களில், விவசாயம் பக்கத்தில் இல்லாமல் மழைக்காட்டில் மனிதன் வாழ்ந்திருக்கவே முடியாது, மாவுச்சத்து போதாது என்று ஒரு பெரிய வாதம் ஓடியது. இலங்கையின் ஃபாஹியன் குகை அதற்கு ஒரு பதில். சுமார் 48,000 ஆண்டுக்கு முன்பிருந்து ஆட்கள், மரத்தில் ஏறும் குரங்கையும் மலையணிலையும் வேட்டையாடியிருக்கிறார்கள், எலும்பில் முனை செய்திருக்கிறார்கள், கல்லில் குவார்ட்ஸ் நுண்கருவிகள். அந்த நுண்கருவி 45,000 ஆண்டு முன்பிருந்து 4,000 ஆண்டு முன்பு வரை பெரிதாக மாறவில்லை. நடுவில் பனியுகத்தின் உச்சம் ஒன்று வந்து போயிருக்கிறது. இன்னும் பழையது வேண்டுமானால் ஐவரி கோஸ்ட்டில் பெட்டே என்ற இடம், 1,50,000 ஆண்டு, கருவி இருந்த அடுக்கிலேயே மகரந்தமும் ஃபைட்டோலித்தும் இலை மெழுகும் எடுத்துப் பார்த்து ஈரமான காடுதான் என்று 2025இல் உறுதிசெய்தார்கள். வயிற்றெரிச்சல் என்னவென்றால் 1980களில் தோண்டிய அந்த இடமே பின்னால் சுரங்க வேலையில் அழிந்துபோயிற்று.

இளவேனில்:

அப்படியானால் என் தலைப்பைக் குப்பையில் போட வேண்டியதுதானா? கல்லும் செடியும் சேர்ந்த ஏதாவது ஒன்றைத்தான் செய்ய ஆசை.

கூழாங்கல்:

குப்பையில் போட வேண்டாம், திருப்பிப் போடுங்கள். இடத்துக்கு இடம் ஒப்பிடுவதை விட்டுவிட்டு ஒரே இடத்தில் அடுக்குக்கு அடுக்கு ஒப்பிடுங்கள். கல்லின் வகை பெரும்பாலும் மாறாது, தேடியவர்களும் ஒரே குழு, ஆகவே நான் முதலில் சொன்ன தேடல் சிக்கல் பெருமளவு குறைந்துவிடும். கேள்வி இப்படி வரும்: சுற்றியிருந்த தாவரம் மாறியபோது கல் மாறியதா? கென்யாவின் துர்கானா படுகையில் நமோரோதுகுனான் என்ற இடத்தைப் பற்றி 2025இல் வந்ததைப் படியுங்கள். 27.5 லட்சம் ஆண்டு முதல் 24.4 லட்சம் ஆண்டு வரை மூன்று அடுக்குகள். தாவர மெழுகு, ஃபைட்டோலித், கரித்துகள் எல்லாம் பார்த்தால் நிலம் காய்ந்துபோகிறது, புல் ஏறுகிறது, தீ அதிகமாகிறது. கல்லோ, கூர்மையான செதிலை அதே மாதிரி தட்டி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், 3 லட்சம் ஆண்டுக்கு. வடக்குவாசல் சொன்ன ஃபாஹியன் குகையை இதன் பக்கத்தில் வைத்தால் காலமும் நிலமும் ஆளும் எல்லாமே வேறு, ஆனால் கல் அசையாமல் இருப்பது மட்டும் பொது. அது ஏன் என்று கேட்பதிலேயே ஒரு ஆய்வேடு இருக்கிறது.

நாலைந்து இடம் போதும். கெஷெர் பெனோத் யாக்கோவைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே பாசால்ட் என்ற எரிமலைக் கற்களில் ஒட்டியிருந்த மாவுத்துகளையும் 2025இல் வெளியிட்டுவிட்டார்கள். ஓக் கொட்டை, புல் தானியம், பருப்பு வகை, நீர்த்தாவரக் கிழங்கு எல்லாம் கல்லிலேயே இருக்கிறது, மண்ணில் கிடைத்த 55 வகையோடு ஒப்பிட்டு எது கல்வரை வந்தது, எது வரவில்லை என்று பார்க்கலாம், புள்ளியியல் தெரிந்தவருக்கு நல்ல தீனி. அத்திரம்பாக்கத்தை ஆசைப்பட்டுச் சேர்க்காதீர்கள். 15 லட்சம் ஆண்டு வரை போகிற அருமையான கல் வரிசைதான், ஆனால் இந்தக் கேள்விக்கு அதே அடுக்கிலிருந்து தாவர எச்சம் வேண்டும், அங்கே அதை நம்பி அட்டவணை போட முடியாது.

அட்டவணையில் ஒவ்வொரு அடுக்குக்கும் எத்தனை கன மீட்டர் மண் தோண்டினார்கள், எத்தனை மண் மாதிரி தண்ணீரில் அலசினார்கள், எத்தனை கருவியை நுண்ணோக்கியில் பார்த்தார்கள் என்று மூன்று நெடுவரிசை தனியாக ஒதுக்குங்கள். அதிகம் தோண்டினால் அதிக வகை கிடைக்கும், கல்லுக்கும் அப்படித்தான் விதைக்கும் அப்படித்தான், அதைச் சரிசெய்யாமல் எண்ணிக்கைகளை ஒப்பிட்டால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே உட்கார வைத்துவிடுவார்.

இளவேனில்:

நமோரோதுகுனான் கட்டுரை இலவசமாகவே கிடைத்தது, இறக்கிவிட்டேன். துணைக்கோப்பில் அடுக்குவாரியாகக் கருவி எண்ணிக்கை இருந்தால் அதிலிருந்தே அட்டவணையைத் தொடங்குகிறேன். நுண்ணோக்கி, தேய்மானப் பகுப்பாய்வுக்கு முதலில் எதைப் படிப்பது, கீலியேதானா?

நுண்ணோக்கி:

கீலி 1980இல் எழுதிய புத்தகம், அப்புறம் கன்ஜேரா கட்டுரை, 2014. கன்ஜேராவில் சோதனைக் கருவிகளின் படங்களைப் பழைய கருவிகளின் படங்களோடு பக்கத்தில் போட்டிருப்பார்கள். விளக்கத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்து எது கிழங்கு எது மரம் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால், அடுத்தவர் தரவில் “தாவரம்” என்று எழுதியிருப்பதை அட்டவணையில் எவ்வளவு நம்பிக்கையோடு போடலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.